ஓட்டுநர் பக்கக் கதவு

அன்று ஷெட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர்: ராயப்பராஜ், மருமகள் டெய்சி, வத்தலக்குண்டு மெக்கானிக் செழியன். 2004ஆம் வருடம்.

மலையிறக்கத்தில் மோதி ராயப்பராஜின் மகன் ஆண்டனிராஜ் இறந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் நடுவில் நின்றது. கிளட்ச் மிதி இல்லாத கார். ஓட்டுநர் கதவைத் திறந்ததும் ஒரு பம்பு முனகி எண்ணெயை அழுத்தும்; அந்த அழுத்தத்தில்தான் கியர் விழும்.

குடித்துவிட்டு ஓட்டினான் என்றது ஊர். மூன்று தலைமுறையாகக் குடி தொடாத வீடு அது.

செழியன் பம்பைக் கழற்றி மேசையில் வைத்துக் கரண்டு கொடுத்துப் பார்த்தான். அசையவில்லை. வயரைக் கழற்றிவிட்டான். டெய்சி காரின் ஓட்டுநர் கதவைச் சாத்தினாள்.

"மோட்டார் கருகிப்போச்சுய்யா. இறக்கத்துல கியர் விட்டுப் போயிருக்கும்."

"அதை எழுதிக் குடு அப்பு. ஊருக்குக் காட்டணும்," என்றார் ராயப்பராஜ்.

அவன் எழுதும்போது, வயர் எதுவும் இல்லாத பம்பு மேசைமேல் முனகியது. நான்கு விநாடி. பிறகு நின்றது.

செழியன் பேனாவைக் கீழே வைத்தான். "ஓடுதேய்யா... இனி எப்படி எழுத?"

ராயப்பராஜ் நிமிர்ந்தே நின்றார். "இன்னைக்கு ஓடுது. அன்னைக்கு ஓடல. எழுதப்பு."

"எழுதுங்கண்ணே," என்றாள் டெய்சி.

எழுதினான்.

பம்பு தானாக ஓடியது என்று இப்போது ஊரில் ஒரு பேச்சு. அது தவறு. கதவைத் திறந்தால்தான் அந்தப் பம்பு ஓடும். அன்று அது முனகியபோது, டெய்சி சாத்திய கதவு திறந்திருந்தது. மூவரும் மேசையருகில்தான் நின்றார்கள்.