வெர்னாவின் கறுப்பு மூட்டை

"மிஸஸ் ஸ்டோல்ட்ஸ், என் வயித்துல அடிக்கிறதுக்கு ஞாயித்துக்கிழமைதான் கெடைச்சுதா?"

பீட்சா கடைக்காரன் ராய்ஸ் கத்தினான். காலை ஆறு மணி. எழுபது வயது வெர்னா ஸ்டோல்ட்ஸ் மெயின் ஸ்ட்ரீட்டில் குனிந்து குனிந்து காலி பியர் கப்களைப் பொறுக்கி, கறுப்பு மூட்டையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் வேலையைப் பாருப்பா. எனக்கு சர்ச்சுக்கு நேரமாச்சு."

கடைத்தெருவில் கையில் பியரோடு உலாவலாம் என்று அந்த ஒஹாயோ ஊரில் ஆறு மாதத்துக்குச் சோதனை அனுமதி. வெளியூர்க் கூட்டம் வந்தது. மூடப்போன ராய்ஸின் கடையும் பிழைத்தது. ஆனால் தெரு குப்பையானால் அனுமதி ரத்து; அதை நிரந்தரமாக்கலாமா என்று ஊர்க் கவுன்சில் மறுநாள் ஓட்டுப் போடவிருந்தது.

வெர்னாவோ முதல் நாளிலிருந்தே எதிர்ப்பு. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவள்.

"சாட்சி சேர்க்கிறா கிழவி. நாளைக்குக் கவுன்சில்ல மூட்டையைக் கவிழ்க்கப்போறா. நம்ம கதை முடிஞ்சுது" என்று மனைவி டார்லாவிடம் புலம்பினான் ராய்ஸ்.

மறுநாள் கவுன்சில் கூட்டத்துக்கு வெர்னா வெறுங்கையோடு வந்தாள். ராய்ஸுக்குக் குழப்பம். ஒருவேளை மூட்டை காரில் இருக்குமோ?

மைக்கைப் பிடித்தாள். "தெருவுல குடிக்கிறது தப்பு. வேண்டாம்னு ஓட்டுப் போடுங்க."

"அது கிடக்கட்டும், குப்பை எப்படி? நீங்கதான் அந்தப் பக்கம் நடக்கிறவங்க" என்றார் ஒரு கவுன்சிலர்.

ராய்ஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"நேத்து சர்ச்சுக்குப் போறப்போ பார்த்தேன். ஒரு கப்கூடக் கிடக்கல."

ஓட்டு நாலுக்கு மூணு. அனுமதி நிரந்தரமானது.

ராய்ஸுக்குச் சந்தோஷப்படுவதா, தலையைப் பிய்த்துக்கொள்வதா என்றே தெரியவில்லை. கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினான்.

"மூட்டை எங்கே?"

"குப்பை வண்டியில போட்டேன். வேற எங்க போடுவாங்க?"

"வாராவாரமா?"

"ஆறு மாசமா. இடுப்பே போச்சு."

"ஐயோ, ஒண்ணுமே புரியலையே! வேண்டாம்னு பேசினதும் நீங்கதானே?"

கார் கதவைத் திறந்தபடியே வெர்னா சொன்னாள்: "குடி தப்பு, சொன்னேன். அதுக்காக உன் கடை மூடணும்னு நான் எப்பப்பா சொன்னேன்?"