ஊர் பார்க்க வந்தவர்

“நான் முன்சீற்றிலதான் இருப்பன்,” என்று சொல்லி, சின்னப்பிள்ளை போலப் பிலோமினம்மா காரில் ஏறிக்கொண்டார். மன்னாரிலிருந்து வந்து ஒன்பது நாள். இன்றுதான் முகத்தில் சிரிப்பு.

“பெல்ட்டைப் போடுங்கோ அன்ரி,” என்றான் ஜெனாட். அது இரவல் கார். பின்னேரம் அவருக்கு விமானம். போகுமுன் மொன்ட்ரியாலின் பழைய நகரத்தைப் பார்த்தே ஆகவேண்டுமாம்.

“உங்களுக்கு இதெல்லாம் பிடிக்குமெண்டு நான் நினைக்கேல்லை.”

“ஏன், கிழவியளுக்குக் கண் இல்லையோ?”

சாம்பல் நிறக் கல் வீடுகள், தேவாலயக் கோபுரங்கள். முந்நூறு வருசம், நானூறு வருசம் என்று ஜெனாட் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனான். வாய் ஓய்ந்தால் டனிஸ்ரனின் கதை வந்துவிடும்.

டனிஸ்ரன் பிலோமினம்மாவின் ஒரே மகன். ஜெனாட்டோடு ஒரே அறையில் இருந்தவன். போன கோடையில் இருவரும் குடித்துவிட்டு வந்த கார் பாலத் தூணில் மோதியது. இருவரும் வெளியே வீசப்பட்டுக் கிடந்தார்கள். டனிஸ்ரன்தான் ஓட்டினான் என்று ஜெனாட் பொலிசுக்குச் சொன்னான். செத்தவனுக்கு வழக்கில்லை, இவனுக்கு வழக்கு வந்தால் நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

“இனி ஆடும்,” என்றபடி பிலோமினம்மா கதவுப் பிடியைப் பற்றினார். அடுத்த திருப்பத்தில் தார் முடிந்து, கல் பதித்த தெரு தொடங்கியது. கார் குலுங்கியது.

“படத்தில பாத்தனீங்களோ, அன்ரி?”

“ஓம், அவன் காட்டினவன். இதுக்கு அங்கால ஒரு மாதா, ஆத்தைப் பாத்துக் கையை விரிச்சபடி நிப்பா.”

அப்படியே நின்றார் மாதா, கோயில் கூரையின் மேல். ஜெனாட் காரை ஓரமாக நிறுத்தினான்.

பிலோமினம்மா இறங்கவில்லை. இருந்த இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டார்.

“அவன்ர அப்பா வீட்டில அவன்ர படத்தைக் கொழுவ விடுறாரில்லை. குடிவெறியில கார் ஓடிச் செத்தவனுக்கு மாலை என்னத்துக்காம். வருசப் பூசையும் வேண்டாமெண்டிட்டார்.”

ஜெனாட் நேரத்தைப் பார்த்தான். இன்னும் மூன்று மணித்தியாலம். விமான நிலையத்தில் இறக்கிவிட்டால் முடிந்தது.

“மகன், ஒருக்காக் கேக்கிறன். அண்டைக்குக் கார் ஓடினது ஆர்?”

“அவன்தான் அன்ரி. நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான். கேக்கேல்லை.”

“மாதாவைப் பாத்துச் சொல்லு.”

அவன் அண்ணாந்து பார்த்தான்.

“மாதாவாணை, அவன்தான்.”

பிலோமினம்மா கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குரல் உயரவில்லை.

“தாய் சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டினம். நீயாச் சொல்லுவாய் எண்டு ஒன்பது நாளும் பாத்தனான்.”

“என்னத்தை அன்ரி?”

“அண்டைக்கு அவன் வீடியோக் கோலில எனக்கு இந்தத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு வந்தவன். படம் நிண்டுபோகேக்க, ஸ்ரியரிங் உன்ர கையிலதான் இருந்தது, மகன்.”