தொபியாஸ் வீட்டுப் பலகாரம்

எண்ணெய் காய்ந்துவிட்டது.

அவள் பயற்று உருண்டைகளை மாவில் முக்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்படி சட்டியில் விட்டாள். முந்திரிக்கொத்து. புருஷன் ஜெர்வாஸுக்கு இது இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது.

அவன் வந்து தின்பான் என்றுதான் சுட்டாள். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் ஊருக்குத்தான்.

கிறிஸ்து அரசர் திருநாள் முடிந்த மறுநாள், ஜெர்வாஸும் தொபியாஸும் வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். புயல் வந்தது. வள்ளம் கவிழ்ந்தது. தொபியாஸை ஏதோ ஒரு கப்பல்காரன் தூக்கிவிட்டான். ஜெர்வாஸ் வரவில்லை.

"ஆளுக்கொரு டீசல் கேனப் புடிச்சிக்கிட்டு மெதந்தோம். அலை பிரிச்சிட்டு. அவன் தெக்கயாக்கும் போனான்."

தொபியாஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னது இது. சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலிக் கேன் முங்காது. தெற்கே கப்பல்கள் போகும். அவளுக்கு அது போதும்.

பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலம் தொடங்கியது. கோயிலில் பச்சை இலை வளையத்தில் வாரத்துக்கு ஒரு மெழுகுதிரியாக ஏற்றினார்கள். காத்திருங்கள், விழித்திருங்கள் என்று சாமியார் ஞாயிறுதோறும் பிரசங்கம் வைத்தார். யாரிடம் வந்து சொல்கிறார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவள் கண் மூடி எத்தனையோ நாளாகிறது.

அதே சாமியார்தான் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, ஜெர்வாஸின் ஆன்மாவுக்குப் பூசையை கிறிஸ்துமஸுக்கு முன்னமே வைத்துவிடலாமா என்று மெல்லக் கேட்டார்.

அவர் இருக்கும்போதே ஸ்டூலைப் போட்டு ஏறி, வாசலில் நட்சத்திரத்தைக் கட்டினாள்.

அந்தக் கடற்கரையில் துக்க வீட்டில் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள். பலகாரமும் சுட மாட்டார்கள். மற்ற வீட்டுப் பெண்கள் தாங்கள் சுட்டதில் ஒரு தட்டு எடுத்து, துண்டால் மூடி, கொண்டுவந்து கொடுப்பார்கள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்வதில்லை.

இந்த வாரம் அவள் வாசலுக்குத் தட்டுகள் வர ஆரம்பித்தன.

எதிர்வீட்டிலிருந்து வந்தது. கோயிலின் அன்பியக் குழுப் பெண்கள் சேர்ந்து வந்தார்கள். கடைசியில் பெற்ற தாயே ஒரு தட்டோடு வந்து நின்றாள். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினாள். தாயிடம் மட்டும் கதவைச் சற்று வேகமாகச் சாத்திவிட்டாள்.

தொபியாஸ் வீட்டிலிருந்து தட்டு வரவில்லை.

அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மிதந்தாள். கூடப் போனவன் அவன். கண்ணால் பார்த்தவன். அவன் வீட்டில் யாரும் ஜெர்வாஸைச் சாகடிக்கவில்லை.

இன்று பிற்பகல் கோயிலில் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. கிறிஸ்துமஸுக்கு முன் ஊரே போய்ச் செய்துவிடும். பக்கத்துப் பங்குச் சாமியார்களும் வந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் போயிருந்தாள். தாயைக் கடிந்துகொண்டது தவிர அவளுக்குச் சொல்லப் பாவம் இல்லை. சட்டென்று முடிந்துவிட்டது.

தொபியாஸ் மட்டும் முழங்காலை விட்டு எழும்பவில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வரிசைக்கு மாறினார்கள்.

ஒருவழியாக எழும்பியவன், பீடத்துக்கு முன்னால் போய் மறுபடியும் முழங்காலில் நின்றான். குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். முதுகு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

ஜெர்வாஸுக்காக வேண்டுகிறான்.

அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. இந்த ஊரில் ஒருத்தனாவது மிச்சம் இருக்கிறானே என்று நெஞ்சு நிறைந்துபோனது. சுட்டதில் முதல் தட்டு தொபியாஸ் வீட்டுக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டு வந்து, அடுப்பைப் பற்றவைத்தாள்.

முதல் சட்டி பொன்னிறமாக வந்தது. எவர்சில்வர் தட்டில் அடுக்கினாள். நல்ல துண்டாகத் தேடி எடுத்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம்.

எஸ்கலின். தொபியாஸின் மனைவி.

எஸ்கலினைக் கண்டதும் அவளுக்கு மனம் குளிர்ந்தது. உனக்கு ஆயுசு நூறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

எஸ்கலின் கையில் தட்டு இருந்தது. துண்டால் மூடியிருந்தது.

எஸ்கலின் படியேறவில்லை. அழுது வீங்கிய முகத்தைத் துடைக்கவும் இல்லை. தட்டை நீட்டியபடியே நின்றாள்.

அவள் வாங்கவில்லை. கதவைச் சாத்தவும் கை வரவில்லை.

"அவிய இன்னைக்கு சாமியார்கிட்ட சொல்லிட்டாவ. ஒங்ககிட்ட வந்து சொல்ல அவியளுக்குக் கால் வரல."

அவள் எஸ்கலின் முகத்தையே பார்த்தாள்.

"கேன் ஒண்ணுதான் இருந்துச்சு, மதினி."

உள்ளே எண்ணெய் புகைந்தது. தெருக்கோடியில் யாரோ கேரல் பாட்டுக்குத் தம்பூர் மேளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது. நிறையத்தான் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே போனாள். அடுப்பை அணைத்தாள்.

திரும்பி வரும்போது ஒரு நாற்காலியை எடுத்துவந்து எஸ்கலின் பக்கத்தில் போட்டாள்.

துக்கம் கேட்க வந்தவளை நிற்க வைக்கக் கூடாது.