டைரக்ட் லைன்

காலையில் ஷாக் அடித்துச் செத்த லைட்மேன் மாசிலாமணியைக் கதாநாயகியின் கேரவனில் கிடத்தியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உடல் தாங்க வேண்டும். அந்தப் பொட்டலில் ஏசி இருந்தது அதில் மட்டும்தான்.

மதியம் ஏசி நின்றது. எலெக்ட்ரீஷியன் அந்தோணி ஜெனரேட்டருக்குப் போய், கரண்ட் கசிந்தால் விழும் டிரிப்பரைத் தூக்கிவிட்டான். உடனே விழுந்தது. கேரவனின் பிளக்கையே பிடுங்கிவிட்டுத் தூக்கினான், அப்போதும் விழுந்தது. அப்படியானால் கோளாறு கேபிளில்தான். அதைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தான். கேரவன் அருகே, ஏசி சொட்டித் தேங்கிய தண்ணீரில், டேப் கருகிய ஜாயின்ட் ஒன்று கிடந்தது. மாசிலாமணி காலையில் மிதித்த அதே ஜாயின்ட். யாரோ அந்தக் கேபிளையே சுருட்டி வந்து இங்கே போட்டிருக்கிறார்கள்.

“கேபிளை மாத்தணும் சார்.”

“வேற கேபிள் ஏதுய்யா? டிரிப்பரை விட்டுட்டு டைரக்டா குடு,” என்றார் மேனேஜர்.

காலையில் மழைக் காட்சியின் நடுவே விளக்கு அணைந்தபோதும் அவர் இதையேதான் சொன்னார். அப்போது அந்தோணி கொடுத்தான்.

“உள்ள கிடக்கிறவனை இனிமே அது என்ன பண்ணிடப் போகுது?” என்றார் மேனேஜர்.

அந்தோணி கேரவனின் இரும்புப் படியைப் பார்த்தான். லைட்மேன்களை ஒருநாளும் உட்காரவிடாத படி. இன்று யாரும் விரட்டவில்லை. இரண்டு பேர் வெறுங்காலை அந்த ஈரத்தில் ஊன்றி உட்கார்ந்திருந்தார்கள்.