மோட்டார் ரூம் சீரியல் போர்ட்

"உங்கய்யா தண்ணியப் பக்கத்துக் காளிதாஸ் வயலுக்குத் திருப்பி விடுறான். அதுக்குத் தோதா நீ ஒரு பெட்டி செஞ்சு குடுத்திருக்க" என்றார் தனுஷ்கோடி. மோட்டார் ரூம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

முருகேஸ்வரி திரும்பிப் பார்க்காமல், வயரைப் பற்றவைக்கும் சாலிடரிங் அயர்னைச் சூடாக்கினாள்.

அபிராமத்தை ஒட்டி தனுஷ்கோடிக்கு ஐந்து ஏக்கர் முண்டு மிளகாய். அவர் குடியிருப்பது பரமக்குடியில். நிலத்தைப் பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொள்வது முருகேஸ்வரியின் அப்பா உக்கிரபாண்டி. ஒரு மாதமாக, ஆள் இல்லாத நேரத்தில் மோட்டார் தானாக ஓடுகிறது. தண்ணீர் தேங்கிக் கால் ஏக்கர் செடி அழுகிவிட்டது. இன்று பொழுது சாய்வதற்குள் காரணம் தெரியாவிட்டால், நாளையிலிருந்து உக்கிரபாண்டி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பெட்டியைச் செய்தது முருகேஸ்வரிதான். பரமக்குடியில் மாலை வகுப்பில் கற்றுக்கொண்டது. மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும்; மறுபடி கொடுத்தால் நிற்கும். உள்ளே இருக்கும் சிம்மை உக்கிரபாண்டியின் ஆதாரில் வாங்கினார்கள். அந்த நம்பரைச் சீட்டில் எழுதி, அவரே முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அப்பா, முதலாளி இரண்டு பேருடைய போனைத் தவிர வேறு எந்த நம்பருக்கும் பெட்டி அசையாது.

மோட்டாரை ஒரு நாளும் போட்டதில்லை என்று முதலாளி அடித்துச் சொன்னார். வயலில் ஆள் இல்லாதபோது மோட்டாரைப் போட்டதே இல்லை என்று உக்கிரபாண்டியும் சொன்னார். அப்படியென்றால் மிச்சம் இருப்பது அவள் எழுதிய புரோகிராம். மூன்று ராத்திரி அதை வரி வரியாகப் படித்தாள். தப்பு எதுவும் தென்படவில்லை. தன் கண்ணுக்குத் தெரியாத தப்பு இருக்குமோ என்று மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு வழிதான் இருந்தது. போர்டில் தகவல் போய்வர இருந்த ஒரே சீரியல் போர்ட்டை சிம் மாட்யூல் பிடித்துக்கொண்டது. காலியாக இருந்த இரண்டு பின் முனைகளில் இன்னொன்றை உண்டாக்கினால், வருகிற அழைப்பெல்லாம் லேப்டாப்பில் வரியாக வந்து விழும். புரோகிராமை நேற்றே மாற்றி ஏற்றிவிட்டாள். வயர் வைப்பதுதான் பாக்கி.

"இன்னும் எம்புட்டு நேரம்?" என்றார் தனுஷ்கோடி.

"அவசரப்பட்டா போர்டு போயிரும், முதலாளி."

போர்டு தாங்குவது மூன்று புள்ளி மூன்று வோல்ட். வகுப்பில் இரவல் வாங்கி வந்த கேபிள் அனுப்புவது ஐந்து. போன மாதம் நேராகச் சொருகி ஒரு போர்டைக் கருக்கியிருந்தாள். நோட்டில் எழுதி வைத்திருந்தபடி ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் வைத்து வோல்டேஜைக் குறைத்தாள். மீட்டரில் அளந்தாள். நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் அளந்தாள்.

லேப்டாப்பில் கட்டமும் கேள்விக்குறியுமாக வந்து விழுந்தது.

"இதப் படிக்கத்தான் படிச்சியா?" என்று சிரித்தார் அவர். தகவல் போகும் வேகம் போர்டிலும் லேப்டாப்பிலும் ஒன்றாக இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. 9600 என்று மாற்றினாள். திரையில் 'தயார்' என்று ஒரே ஒரு சொல் வந்து நின்றது.

"இனிமே கால் வந்தா யாருன்னு காட்டிரும்" என்றாள்.

"யாரு கூப்புடுவா? உங்கய்யாதான் கூப்புடணும். எங்க அவன்?"

பூச்சி மருந்து வாங்க அபிராமம் போயிருப்பதாகச் சொன்னாள். தனுஷ்கோடிக்கு முகம் சிவந்தது. போன வாரமும் இப்படித்தான் எங்கேயோ போய்விட்டானாம். பரமக்குடியிலிருந்து மூன்று தடவை போன் போட்டாராம்.

"மூணு தடவையும் ஒரே ரிங்கு. கட் பண்ணிட்டான். ஒரு மாசமா இதே கதைதான். என் போனக் கட் பண்ற அளவுக்கு ஏத்தம் வந்துருச்சு அவனுக்கு."

"எங்கய்யா யாரு போனையும் கட் பண்ண மாட்டாரு."

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"ஆளில்லாத நேரத்துல மோட்டாரத் தொடலன்னு அவரு சொன்னதும் பொய்யில்ல. பதினாலு வருசமா ஒரு வாய்க்கா தண்ணி அவரு மாத்தி விட்டதில்ல. அவரத் திருடன்னு சொல்லாதீங்க."

குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. தாழ்த்திக்கொள்ளத் தோன்றவில்லை.

"இந்தா, நீயே பாரு" என்று தனுஷ்கோடி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விரலால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு, அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். திரையில் 'உக்கிரபாண்டி புது நம்பர்' என்று இருந்தது.

ஒரு ரிங் போனது. கட் ஆனது.

"பாத்தியா? இப்பச் சொல்லு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கிணற்றடியில் மோட்டார் உறுமியது. குழாய் வாயில் காற்று செருமி, தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

லேப்டாப்பில் 'தயார்' என்பதற்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்திருந்தது. அதில் தனுஷ்கோடியின் நம்பர். பக்கத்தில், 'மோட்டார் ஆன்'.

முருகேஸ்வரி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்க போட்டது பெட்டி நம்பரு. கட் பண்ணது எங்கய்யா இல்ல, முதலாளி. உங்க மோட்டாரு."