மூன்று தடவை கூப்பிட்டாச்சு

கோர்ட் டவாலி வாசலில் நின்று அந்த அம்மாளின் பெயரை முதல் தடவை கூப்பிட்டார்.



அரசு வக்கீல் இருந்த இடத்திலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்தார். வராந்தா பெஞ்சில், இந்தப் பக்கம் முதுகைக் காட்டி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கூடவே வரும் மகள் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். அவளுடைய வக்கீலோ மாடிக் கோர்ட்டில் வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்டிருந்தார்.

அரசின் மேல் அவள் போட்ட நஷ்டஈட்டு வழக்கு, ஆறு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது. இன்றுதான் அவள் கூண்டேற வேண்டிய நாள். இனி வாய்தா கிடையாது என்று ஜட்ஜ் போன தடவையே சொல்லிவிட்டார்.

காலையில் படியேறும்போது அரசு வக்கீலைத்தான் அவள் நிறுத்தினாள். கறுப்புக் கோட்டு போட்டவர்கள் எல்லாரும் அவளுக்கு ஒன்றுதான். இவர் எதிர்த்தரப்பு என்று தெரியாது.

“என் பேரக் கூப்பிட்டா ஒரு கை காட்டிடுங்க தம்பி. புண்ணியமாப் போகும்.”

அவரும் தலையாட்டித் தொலைத்தார்.

இரண்டாம் தடவை. டவாலியின் தொண்டை என்றால் அது தொண்டை. தெருமுனை டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவரே நிமிர்ந்து பார்ப்பார் என்று கோர்ட்டில் கேலி உண்டு. படிக்கட்டில் படுத்திருந்த நாய் எழுந்து போயிற்று.

அவள் பைக்கயிற்றை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டிருந்தாள்.

டவாலிக்கு அவளைக் காட்ட அரசு வக்கீலின் கை மேஜையை விட்டு அரை அடி எழும்பியது.

ஐந்து மாதமாகத் தோல்வி மேல் தோல்வி. இன்னொன்று போனால் கோட்டைக் கழற்றிவிட்டு வீட்டோடு இருங்கள் என்று மேலிடம் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாதி வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. வாயைத் திறக்கவே வேண்டாம்.

எழும்பிய கை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு இறங்கியது.

மூன்றாம் தடவை.

ஜட்ஜ் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார்.

வெளியே வந்த அரசு வக்கீலை அவள் பார்த்துவிட்டாள். முகம் மலர எழுந்து, வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகக் கேட்டாள்.

“என்ன தம்பி, இன்னும் கூப்பிடலையா?”

அவர் தன் வழக்குக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். அதன் மேல்தாளில் அவரே எழுதிய பதிலுரை இருந்தது.

‘சாலைக்காகப் பாறையை வெடிவைத்துப் பிளந்ததில் வாதியின் இரண்டு காதுகளும் அடியோடு கேளாமற் போயின என்பதை இந்தப் பிரதிவாதி மறுக்கிறார். அதை வாதி கோர்ட்டார் முன்னிலையில் நிரூபிக்கக் கடமைப்பட்டவர்.’