யுத்தம் என்று எழுதிய நேரம்

சுபேதார் வேதமாணிக்கம் காலி டாங்கர் லாரிகளோடு மலைக்குடைவில் இருந்த அரசாங்க எண்ணெய்க் கிடங்குக்கு வந்து சேர்ந்தபோது, அவருடைய படையின் நாற்பது பீரங்கி வண்டிகள் ஆற்றங்கரையில் டீசல் தீர்ந்து, கல்யானைகள் மாதிரி நின்று அடி வாங்கிக்கொண்டிருந்தன. வழியிலிருந்த பதினோரு பெட்ரோல் பங்குகளும் முதல் குண்டுக்கே ஷட்டரை இறக்கிக்கொண்டு முதலாளிகளோடு ஓடிப்போய்விட்டன.

"யுத்தம்னா மட்டும்தான் திறக்கணும்னு உத்தரவு சார். பதினெட்டு வருசமா அப்படித்தான் காத்துட்டு வர்றேன்" என்றார் கிடங்குப் பொறுப்பாளர் அரங்கசாமி.

"வெளியே என்ன கோயில் வாணவேடிக்கையாய்யா நடக்குது? என் பசங்க வண்டிக்குள்ளேயே வெந்துக்கிட்டிருக்காங்க!"

"ரேடியோவுல எல்லைப் பதற்றம்னுதானே சொன்னாங்க. பதற்றத்துக்கெல்லாம் திறக்க விதி இல்லையே."

வேதமாணிக்கம் துப்பாக்கியை உருவி அவர் நெற்றியில் வைத்தார்.

"சுட்டீங்கன்னா கொலைன்னுதான் எழுதுவாங்க சார். யுத்தம்னு எழுத மாட்டாங்க."

அந்த நேரம் பார்த்து வாசலில் விழுந்த குண்டு, அரங்கசாமியின் இடக்கையை முழங்கையோடு பிய்த்துக் கூரைக்கம்பியில் மாட்டிவிட்டது. காயப்போட்ட சட்டையைப் பார்ப்பதுபோல் அவர் அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு பதிவேட்டை இழுத்து, 'யுத்தம்' என்று வலக்கையால் எழுதி, நேரமும் போட்டார்.

"வால்வைத் திருக ரெண்டு கை வேணும். அந்தப் பக்கம் நீங்க பிடிங்க சார்."

இரண்டு பேருமாகத் திருகினார்கள். டீசல் குழாயைக் குலுக்கிக்கொண்டு லாரிக்குள் பாய்ந்தது. வேதமாணிக்கம் வால்விலிருந்து கையை எடுக்காமல் ஆற்றுப் பக்கம் காதைத் திருப்பினார். அங்கே வெடிச்சத்தம் நின்றிருந்தது.